படம் பாதியில் நின்றால்: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து படம் போட்டால் விஎல்சி பாதியில் தானாக மூடிக்கொள்கிறது, மறுநாள் அதே படம் கடைசிவரை ஓடுகிறது என்கிறாய். ஓசூர் சிப்காட் பக்கம் தங்கியிருக்கும் பிள்ளைகள் பலர் கேட்பதும் இதைத்தான். உடனே அன்இன்ஸ்டால் செய்யாதே. செட்டிங்ஸையும் அழிக்கச் சொல்லி டிக் போடாவிட்டால் பழைய செட்டிங்ஸ் அப்படியே இருக்கும், மறுபடி ஏற்றினாலும் அதே தொல்லைதான்.

முதலில், எந்த நிமிடத்தில் நிற்கிறது என்று குறித்து வை. ஒவ்வொரு முறையும் அதே காட்சியில் நின்றால் ஃபைலில் கோளாறு. கண்ட இடத்தில் நின்றால் மெஷினைப் பார்க்க வேண்டும். ரூமில் கைமாறி வந்த பென்டிரைவிலிருந்தே ஓட்டுகிறாயா? லேப்டாப்பில் காப்பி செய்துவிட்டு ஓட்டு. காப்பி ஆகும்போதே எரர் வந்தால் குற்றவாளி பென்டிரைவ், விஎல்சியைத் திட்டாதே.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒன்று. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலயபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் அடி. 'வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்தெந்தத் தேதியில் எது செத்தது என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக் காட்டும். விஎல்சி வரியை டபுள் கிளிக் செய்து 'ஃபால்ட் மாட்யூல் நேம்' பார். அந்தப் பெயர் 'என்வி' என்று தொடங்கினால் பெரும்பாலும் என்விடியா, 'ஐஜி' என்றால் இன்டெல்: கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் சந்தேகம். 'லிப்ஏவிகோடெக்' என்று இருந்தால் வீடியோவைப் பிரித்துப் படிக்கும் இடத்தில் சிக்கல், ஃபைலையும் விஎல்சியின் வெர்ஷனையும் பார். 'என்டிடிஎல்எல்' என்று வந்தால் அதை வைத்து மட்டும் எதுவும் முடிவு செய்ய முடியாது.

டிரைவர் மேல் சந்தேகம் வந்தால் விஎல்சியில் டூல்ஸ், ப்ரிஃபரன்ஸஸ், இன்புட்/கோடெக்ஸ் போய் 'ஹார்ட்வேர் ஆக்சலரேட்டட் டிகோடிங்' என்பதை டிசேபிள் செய். விஎல்சியை மூடித் திற. வீடியோவைப் பிரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் தராமல் பிராசஸரே செய்யும். பழைய லேப்டாப்பில் ஃபோர்கே படம் திக்கித் திணறும், ஆனால் மூடிக்கொள்ளாவிட்டால் காரணம் அகப்பட்டது. பிறகு லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து புது டிரைவர் போட்டு, ஆக்சலரேஷனைத் திரும்ப ஆன் செய்து பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நான்கைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

கோடெக் பேக் போடச் சொல்லும் நண்பன் பேச்சைக் கேட்காதே. விஎல்சிக்குத் தேவையான கோடெக் அதற்குள்ளேயே இருக்கிறது. 2022 பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை, விஎல்சியை வெளியிடும் வீடியோலேன் தளம் இந்தியாவில் பலருக்குத் திறக்காமல் இருந்தது. அந்தச் சமயத்தில் எங்கிருந்தோ எடுத்த செட்டப் இன்னும் உன்னிடம் இருந்தால் தூக்கிப் போடு. தளம் இப்போது திறக்கிறது, நேராக அங்கிருந்தே எடு.

செட்டிங்ஸ் குழம்பியிருந்தால் விண்டோஸ் பட்டனும் ஆரும் சேர்த்து அழுத்தி 'ஆப்டேட்டா' என்பதைப் பெர்சன்டேஜ் குறிகளுக்கு நடுவே அடித்து அந்த ஃபோல்டரைத் திற. அதற்குள் இருக்கும் விஎல்சி ஃபோல்டரை அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். புதிதாக ஒன்று உருவாகும். செட்டிங்ஸ் புதிதாகத் தொடங்கும்போது ஆடியோ மொழியையும் போட்டு வை: தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கும் படங்கள் ஓசூரில் சகஜம். ஆடியோ செட்டிங்கில் 'ப்ரிஃபர்டு ஆடியோ லாங்குவேஜ்' இடத்தில் டி, ஏ, எம் என்ற மூன்று எழுத்தைப் போட்டால், ஃபைலில் மொழி குறித்திருக்கும் வரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை.

சூடுதான் காரணம் என்று உடனே கூலிங் பேட் வாங்காதே. சூடு ஏறினால் பெரும்பாலும் லேப்டாப்பே அணையும், விஎல்சி மட்டும் சாகாது. பிரௌசரும் மற்றவையும் சேர்ந்து சாகின்றனவென்றால் ரேமைச் சோதி. 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓடவிடு. பெங்களூரு எஸ்.பி. ரோடில் செகண்ட் ஹேண்டாக வாங்கி மேலே ரேம் சேர்த்த லேப்டாப் என்றால் இதையே முதலில் செய். எரர் காட்டினால் ஸ்கிரீனைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வாரண்டி முடிவதற்குள் அத்திப்பள்ளி தாண்டி அதே கடைக்குப் போ.