லேபிளுக்கும் ஒரு பட்டம்

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். பெட்டிக்கு லேபிள், லேபிளுக்கு அச்சகம் என்று நம் சிவகாசி வளர்ந்தது.

லேபிள் ஒட்டிய கூலியில்தான் என் அன்னையார் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்த லேபிளை வடிவமைக்கவும் பட்டப்படிப்பு உண்டென்பதை இங்கு வந்த பிறகே அறிந்தேன். 1850-இல் தோன்றிய சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் அது நான்காண்டுப் படிப்பு. வரைதிறன் தேர்வு எழுதிச் சேரலாம்.

வடிவமைப்பு வெறும் ஓவியமன்று. நான்கு வண்ணத் தகடுகளாகப் பிரியும் படம் தாளில் ஒன்றுசேர வேண்டும். மயிரிழை பிசகினால் மயிலுக்கு இரண்டு அலகு! அச்சகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பாதி தெரிந்த பாடம். பட்டாசுப் பெட்டியும் நாட்காட்டியும் உள்ளூரிலேயே வேலை தரும்.

நண்பர்களே, படம் வரையும் தம்பி தங்கையர்க்குப் பிளஸ் டூவிலேயே சொல்லுங்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை.