பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் குடியுரிமையும்

பாஸ்போர்ட்டு என உலகெங்கும் வழங்குஞ் சொல் பிரெஞ்சு மொழியிற் பிறந்தது. கடத்தல் எனப் பொருள்படும் ஒரு சொல்லும் துறை எனப் பொருள்படும் மற்றொரு சொல்லும் புணர்ந்து அஃது ஆயிற்று. தமிழில் அதனைக் கடவுச்சீட்டு என்கின்றோம். அச்சீட்டினையும் அதற்கு அடிப்படையாகிய குடியுரிமையினையும் ஒன்றென மயங்குவார் பலர். அவை வேறு வேறு என்பதும், ஒன்று மற்றொன்றற்கு எவ்வாறு துணையாகின்றது என்பதும் ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாம்.

குடியுரிமை பிறப்பானும், பின்னர் எய்தலானும் வரும். உரோமக் குடியுரிமையைத் தான் மிகுந்த பொருள் கொடுத்துப் பெற்றதாகச் சேனாபதி கூற, தாம் அவ்வுரிமையிலேயே பிறந்தவர் எனப் பவுல் அப்போஸ்தலர் விடையிறுத்த வரலாற்றை நாம் அறிவோம். அவ்விரு வழியும் பிரெஞ்சு நாட்டில் இன்றும் உள.

பிறப்பால் வரும் உரிமை குருதி பற்றியும் மண் பற்றியும் அமையும். நெப்போலியன் காலத்து 1804-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுதி, பிரெஞ்சுத் தந்தையின் பிள்ளை எங்குப் பிறப்பினும் பிரெஞ்சுக் குடியே என விதித்தது. இக்காலத்துத் தந்தை தாய் இருவருள் ஒருவர் பிரெஞ்சுக் குடியாயிருத்தல் போதும். 1889-ஆம் ஆண்டுச் சட்டம் மண்ணுரிமையை வலியுறுத்திற்று. அதன்வழிப் பிரெஞ்சு நாட்டிற் பிறந்த ஒருவரின் பிள்ளை தானும் அந்நாட்டிற் பிறப்பின் பிறந்தபொழுதே குடியாகும். பெற்றோர் இருவரும் அயல்நாட்டிற் பிறந்த அயல்நாட்டினராயின், அங்குப் பிறந்த பிள்ளை பதினெட்டாம் அகவையில் உரிமை பெறும்; அப்பொழுது அந்நாட்டில் வாழ்தலும், பதினொன்றாம் அகவைக்குப் பின் ஐந்தாண்டேனும் அங்கு வாழ்ந்திருத்தலும் வேண்டும்.

பின்னர் எய்துவார் அரசாணையால் எய்துவர். அதற்குப் பொதுவாக ஐந்தாண்டு வாசம் வேண்டும். அந்நாட்டு உயர்கல்வி நிலையத்தில் ஈராண்டுக் கல்வியைச் செவ்விதின் முடித்தார்க்கு ஈராண்டு வாசம் போதும். மொழியறிவும், நல்லொழுக்கமும், நாட்டின் வரலாறும் நெறிகளும் பற்றிய அறிவும் ஆராயப்படும். பிரெஞ்சுக் குடியை மணந்தார், மணம் நிகழ்ந்து நான்காண்டு கழிந்தபின் விண்ணப்பஞ் செய்யலாம். பிரெஞ்சுச் சட்டம் ஒருவர் இரு நாட்டுக் குடியாயிருத்தலை விலக்குவதில்லை. இந்திய அரசியலமைப்போ அயல்நாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெற்றார் இந்தியக் குடியாகார் என்கின்றது. ஆதலின் நம் நாட்டார் ஒன்றைப் பெறின் மற்றொன்றை இழப்பர்.

இனிச் சீட்டின் வரலாறு நோக்குவாம். 1791-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் பதினாறாம் லூயி மன்னன் பாரிசு நகரினின்றும் குடும்பத்தோடு தப்பியோடியபொழுது, கொண்டு சென்றது கோர்ஃப் சீமாட்டி என்பார் பெயர்ச் சீட்டேயாம். மன்னன் அவர்தம் ஏவலனாக வேடந் தாங்கினான். வாரென் என்னுமூரில் அவன் பிடிபட்டான். அவ்வாண்டு அரசியற் சட்டம் யாவரும் விரும்பியாங்குச் செல்லலாம் என்றதாயினும், 1792-ஆம் ஆண்டில் உள்நாட்டுச் செலவிற்குஞ் சீட்டு மீண்டும் வேண்டப்பட்டது. 1920-ஆம் ஆண்டு பாரிசிற் கூடிய மாநாடே, முப்பத்திரண்டு பக்கமுடைய சிறு சுவடியாக அதனை அமைக்குமாறு நாடுகட்குப் பரிந்துரைத்தது. இன்றைப் பிரெஞ்சுச் சீட்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயரையும் பிரெஞ்சுக் குடியரசின் பெயரையும் தாங்கியது. வளர்ந்தார்க்குப் பத்தாண்டும், பதினெட்டு அகவை நிரம்பாதார்க்கு ஐந்தாண்டும் செல்லும்.

1985-ஆம் ஆண்டுச் செங்கன் உடன்படிக்கை 1995-ஆம் ஆண்டிற் செயற்பட்டது. அதற்குட்பட்ட நாடுகளிற் பிரெஞ்சுக் குடிகள் அடையாள அட்டை கொண்டே செல்லலாம். ஏனைய நாடுகளோ தத்தம் விதிப்படியே ஏற்கும். இந்தியாவிற்கு வருவார் விசாப் பெறல் வேண்டும். தன் நாட்டிற்கு மீள்வது குடிமகனின் உரிமை. பிறர் நாட்டிற் புகுவது அந்நாட்டாரின் இசைவு.

இச்செய்தி நம் தமிழ் மண்ணையுஞ் சார்ந்தது. புதுச்சேரி, காரைக்கால் முதலிய ஊர்களின் ஆட்சி 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் இந்தியாவிடம் வந்தது. 1956-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அவ்வூர்களிற் பிறந்து அங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிகளாயினர். பிரெஞ்சுரிமையை நிறுத்திக்கொள்ள விரும்பினார் ஆறு திங்களுக்குள் எழுத்தாலறிவித்தல் வேண்டும். ஒரு தாளில் இட்ட ஒப்பம் ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையே வகுத்தது. ஒரே தெருவினர் இரு நாட்டினராயினர்.

அத்தகைய குடும்பத்தினர் ஒன்று கருதல் வேண்டும். கடவுச்சீட்டு குடியுரிமையைப் படைப்பதன்று. குடியுரிமைச் சான்றிதழ் இல்லார் தம் உரிமையைத் தாமே மெய்ப்பித்தல் வேண்டும். ஆயினும் சீட்டைப் புறக்கணித்தலுந் தகாது. முன்னோர் அரை நூற்றாண்டிற்கு மேல் அயல்நாட்டில் நிலைத்திருப்ப, பெற்றோரும் பிள்ளையும் பிரெஞ்சுக் குடிகளாக நடத்தப்படாதிருப்பின், வழிவழி உரிமையை மெய்ப்பிக்கவே பிரெஞ்சுச் சட்டம் இடந்தாராது. அவ்வாறு நடத்தப்பட்டமைக்குக் கடவுச்சீட்டும், தூதரகப் பதிவும், வாக்காளர் அட்டையும் சான்றாவன. 1962-ஆம் ஆண்டிற்குப் பின் அரை நூற்றாண்டு கழிந்துவிட்டமையின், பழம்பெட்டியிற் கிடக்கும் பாட்டனார் தாளும் பேரப்பிள்ளைக்குப் பெருஞ் சான்றாகலாம்.

ஆகவே உரிமை வேர், சீட்டு இலை. வேரின்றி இலை தோன்றாது. இலை முழுதும் உதிர்ந்து நெடுநாட் செல்லின் வேருளதென்பாரை உலகம் நம்பாது. உரிமையுடையார் அதன் சான்றினையும் போற்றிக் காத்தல் கடனாம்.