ஆயில் எஞ்சினுக்கு ஏற்ற ஹெட் காஸ்கெட்டின் கனம்

பண்ருட்டி, நெய்வேலிப் பகுதிகளில் மின்சார மோட்டார்கள் பெருகிய பின்னும் ஆயில் எஞ்சின் அடியோடு வழக்கொழிந்துவிடவில்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் ஜில்லாவைத் தாக்கிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்து, மின்கம்பங்களையும் வீழ்த்தியபோது, மின்சாரமின்றி நீரிறைக்கும் யந்திரத்தின் அருமை யாவர்க்கும் விளங்கிற்று. ஆனால் கொட்டகையில் நெடுநாள் கிடந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகையில், பலரும் அசட்டை செய்யும் உறுப்பு ஒன்றுண்டு. அது சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள காஸ்கெட்டாகும். கடைக்காரர் கொடுத்ததைப் பொருத்துவதும், பழையதன்மேல் புதியதை அடுக்குவதும் தவறான வழக்கங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது காற்று நெருக்குண்டு சூடேறி, அச்சூட்டினாலேயே எண்ணெய் பற்றுகிறது. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-ல் செய்துகாட்டிய தத்துவம் இதுவே. ஆகவே பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்குமேல் எஞ்சும் இடம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே யந்திரத்தின் சக்தி அமைகிறது. காஸ்கெட்டின் கனம் அவ்விடத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும்.

நம் தோட்டங்களிற் பழகிய 5 குதிரைசக்தி எஞ்சின் ஒன்றைக் கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 110 மில்லிமீட்டர், நெருக்க விகிதம் 16.5. பிஸ்டன் தள்ளும் காற்று சுமார் 553 கன சென்டிமீட்டர். உச்சியில் எஞ்சும் இடமோ ஏறக்குறைய 35.7 மட்டுமே. காஸ்கெட் அரை மில்லிமீட்டர் கூடினால் அவ்விடம் 2.5 கன சென்டிமீட்டர் பெருகி, விகிதம் 15.5-க்கு இறங்கிவிடும். காலைக் குளிரில் எஞ்சின் எளிதிற் கிளம்பாமையும், வெண்புகையும், எண்ணெய்ச் செலவும் இதன் பலன்களாம். கனம் குறைந்தாலோ கேடு இன்னும் பெரிது: பிஸ்டன் ஹெட்டிலோ வால்விலோ மோதி, கனெக்டிங் ராடு வளையவும் கூடும். ஒரு காஸ்கெட்டின் விலையை மிச்சம் பிடித்தவர் பயிர் வாடும் வேளையில் எஞ்சினையே இழக்க நேரும்.

சரியான கனத்தைக் கண்ணால் மதிப்பிட இயலாது. ஈயக்கம்பியால் அளக்கவேண்டும். எதிர்பார்க்கும் இடைவெளியினும் சற்றுப் பருத்த மெல்லிய ஈயத்துண்டுகள் இரண்டை, பிஸ்டனின் குழிவிலும் வால்வுகளுக்கு நேராகவும் படாமல், பிஸ்டன் பின் செல்லும் திசையில் இருபுறமும் வைக்கவும். காஸ்கெட்டையும் ஹெட்டையும் பொருத்தி, நட்டுகளை முறைப்படி முடுக்கி, பிளைவீலைக் கையால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றவும். பின்னர் நசுங்கிய துண்டுகளை மைக்ராமீட்டரால் அளந்து, சராசரியை எஞ்சின் கைப்புத்தகத்திற் கண்ட அளவோடு ஒப்பிடுக. புத்தகத்தில் 1.0 என்றிருக்க, ஈயம் 1.3 காட்டினால், இடைவெளியை 0.3 மில்லிமீட்டர் குறைத்தாகவேண்டும். சில எஞ்சின்களில் இத்திருத்தத்தைச் சிலிண்டரின் அடியிலுள்ள தகடுகளாற் செய்வதே முறை. அங்கே ஹெட் காஸ்கெட்டை மாற்றுவது தகாது. டிராக்டர் எஞ்சின்கள் சிலவற்றின் காஸ்கெட் ஓரத்தில் வெட்டுகளோ துளைகளோ கனத்தைக் குறிக்கும்.

பட்டறையில் முகம் சீவிய பிறகு இவ்வளவை மறுபடி எடுப்பது அவசியம். சிலிண்டர் பிளாக்கின் மேல்முகத்தைச் சீவினால் பிஸ்டன் ஹெட்டை நெருங்கும். ஹெட்டின் முகத்தைச் சீவினாலோ வால்வுகள் பிஸ்டனை நெருங்கும். தட்டையான ஹெட்டாயின் இதனை ஈயக்கம்பி காட்டாதாகையால், வால்வு எவ்வளவு உள்ளடங்கி நிற்கிறதென்று தனியே பார்க்கவேண்டும். எவ்வளவு சீவினரென்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நன்று. பொது எஞ்சின்களுக்குப் பொறுப்பான கிராம அதிகாரிகள் இதனை வற்புறுத்தலாம்.

பழைய காஸ்கெட்டுகள் பல கல்நார் கலந்தவை. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடாதலால், நனைத்த பின்னரே சுரண்டி எடுக்கவேண்டும். நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று தவணைகளில் முடுக்கவும். எஞ்சின் சிறிது நேரம் ஓடியபின், கைப்புத்தகம் கூறுமாயின் மறுமுறை முடுக்கி, வால்வு இடைவெளியையும் அளந்து திருத்திக்கொள்ளவேண்டும்; ஹெட் தாழ்ந்தால் அவ்விடைவெளியும் மாறிவிடும்.