உருளை விதைப்பான்: இயக்கமும் பராமரிப்பும்

சேற்று வயலில் நாற்று நடாமல் நேரடியாக நெல்லை வரிசையாக விதைக்க உதவும் எளிய கருவியே உருளை விதைப்பான். தமிழக உழவர்கள் இதனை 'டிரம் சீடர்' என்றே அழைக்கின்றனர். இதற்கு இன்ஜின் இல்லை. ஒருவர் கையால் இழுத்துச் செல்லலாம்.

வரிசைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? நம் நாட்டு வயல்களே விடை சொல்லும். கெடாவின் மூடா பாசனப் பகுதி 1980களில் நடவிலிருந்து நேரடி விதைப்புக்கு மாறியது. வீசி விதைத்த வயலில் பயிர் தாறுமாறாக முளைக்கும். அதனூடே களைநெல் புகுந்தால் இளம்பருவத்தில் அடையாளம் காண்பது மிகக் கடினம். மலாயில் இதற்குப் 'பாடி அங்கின்', அதாவது காற்று நெல் என்று பெயர். காற்றடித்தாலே மணி உதிர்ந்து அடுத்த பருவத்திற்கும் நிலத்தில் தங்கிவிடும். வரிசையாக விதைத்திருந்தால், இடைவெளியில் தலைகாட்டுவதைத் துணிந்து பிடுங்கலாம். வரிசைக்குள்ளேயே முளைத்ததை இக்கருவியாலும் காட்டித்தர இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பரவலாகப் புழங்கும் வகையில் இரு சக்கரங்களுக்கு இடையே நான்கு பிளாஸ்டிக் உருளைகள் இருக்கும். ஒவ்வோர் உருளையின் இரு ஓரங்களிலும் துளைகள் உண்டு. ஆக, ஒரே இழுப்பில் 20 செ.மீ. இடைவெளியில் எட்டு வரிசைகள் விழும். சக்கரம் சுழலும்போது உருளையும் சுழன்று, நெல் புரண்டு துளை வழியே உதிர்கிறது. புரள இடம் வேண்டுமென்பதால் உருளையில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் சீராக நடந்தால் ஓர் ஏக்கரை, திரும்பும் நேரம் நீங்கலாக, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் முடிக்கலாம்.

ஆனால் இக்கருவியின் வெற்றி தோல்வி வயலில் இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. விதைநெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரச் சாக்கில் மேலும் 24 மணி நேரம் மூடி வைப்பார்கள். முளை வெள்ளைப் புள்ளியாக எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும். அரை நாள் தாமதித்தாலும் முளையும் வேரும் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்; உருளைக்குள் ஒடியும்; துளையை அடைக்கும். இழுப்பவர் முன்னே பார்த்து நடப்பதால் அடைப்பு அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து வெற்று வரிசையாகத்தான் தெரியும். அந்த வெற்றிடம் களைக்குச் சொந்தமாகிவிடும். ஆகவே வயலும் விதையும் ஒரே நாளில் தயாராகும்படி நாள் குறிப்பதே முதல் வேலை. ஈர நெல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நிரப்புமுன் சிறிது நேரம் நிழலில் உலர்த்தவும் வேண்டும்.

வயலைச் சேறாக்கிச் சமப்படுத்தி, சேறு படிய ஒரு நாள் விட்டு, நீரை வடித்துவிட்டு இறங்க வேண்டும். சேறு இளகியிருந்தால் விதை புதைந்துபோகும்; இறுகியிருந்தால் மேலேயே கிடந்து பறவைக்கு இரையாகும். விதைத்த ஓரிரு நாளில் பெருமழை பெய்தால் வரிசை கலைந்துவிடும். இதற்குக் கருவியில் மருந்தில்லை.

வேலை முடிந்ததும் உருளைகளைக் கவிழ்த்து மிச்ச நெல்லை முழுவதும் கொட்டிவிடுங்கள். இரவு முழுதும் உள்ளே கிடந்தால் அது துளையிலேயே வேர்விடும். சக்கர அச்சிலுள்ள சேற்றைக் கழுவி உலர்த்தி, நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும். அடுத்த பருவத்திற்கு முன் சாக்கை விரித்து, கருவியைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றி ஒவ்வொரு வரிசையிலும் விழும் நெல்லை எண்ணுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால் அங்கே பழைய நெல் சிக்கியிருக்கும். மரக்குச்சியால் தள்ளி எடுக்கலாம். ஆணியால் குத்தினால் துளை பெரிதாகி, அந்த வரிசையில் மட்டும் விதை அதிகமாகக் கொட்டும்.