சமவெளி இருளரும் சட்டம் தந்த உரிமைகளும்

பூர்வ குடிகள் என்றவுடனே நம்மிற் பலருக்கு நீலகிரியும் கொல்லிமலையும் நினைவிற்கு வருதல் இயல்பு. மலையும் பெருங்காடும் இல்லாத இடத்தில் பழங்குடி மக்கள் இரார் என்னும் எண்ணம் படித்தவரிடத்தும் வேரூன்றி நிற்கின்றது. ஆயினும் நமது சிட்லபாக்கத்தினின்றும் இருப்புப்பாதை வழியே தெற்கு நோக்கிச் செல்வோமாயின், செங்கற்பட்டைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களில், ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் சிறு குடிசைகளில் வாழும் இருளர் என்னும் தொல்குடியினரைக் காணலாம். இவர்களுக்குச் சட்டம் அளித்துள்ள உரிமைகள் யாவை என்பதையும், அவை இவர்கள் கைக்கு எளிதில் எட்டாமைக்குக் காரணம் யாது என்பதையும் ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியின் இயல்பு

சென்னைப் பொருட்காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார், 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலில் இருளரையும் விவரித்துள்ளார். மூலிகையறிவும், பாம்பின் தடம் கண்டு அதனைப் பிடிக்கும் திறமையும், வயல்வரப்பில் எலிவளையைத் தோண்டி அங்கே பதுங்கிய நெல்லை எடுக்கும் வழக்கமும் இவர்களுக்குப் பரம்பரைச் செல்வங்கள். கன்னியம்மன் இவர்கள் தெய்வம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் இவர்கள் திரளாகக் கூடி வழிபடுதலும், அவ்விடத்தே திருமணங்கள் நிகழ்த்துதலும் வழக்கம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். அவருள் இருளர் ஏறத்தாழ 1,89,000 பேர் ஆவர்.

அரசியலமைப்பு அளித்தவை

இந்திய அரசியலமைப்பை இயற்றிய சபையிலே, 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள், சோட்டாநாகபுரியைச் சேர்ந்த ஜெய்பால் சிங் முண்டா என்பவர் எழுந்து பூர்வ குடிகளின் பொருட்டு வாதாடினார். 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய ஹாக்கிக் குழுவுக்குத் தலைமை பூண்டவரும் இவரே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவின்படி, பழங்குடியினர் இன்னார் என்று குடியரசுத் தலைவர் அட்டவணையில் அறிவிக்கின்றார். பின்னர் அதில் ஒரு குடியைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம் ஒன்றாலேயே இயலும். நரிக்குறவரைத் தமிழ்நாட்டுப் பட்டியலிற் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வரை காத்திருக்க நேர்ந்ததை நோக்கின், அட்டவணையில் ஒரு பெயர் ஏறுவது எத்துணை அரிய காரியம் என்பது விளங்கும்.

இருளரோ அட்டவணையில் உள்ளவர்; அன்றியும், தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, மிக நலிவுற்ற ஆறு குடிகளுள் ஒன்றாகவும் குறிக்கப்பட்டவர். கல்வியிலும் உத்தியோகத்திலும் பழங்குடியினர்க்கு இம்மாநிலம் ஒதுக்கியுள்ளது நூற்றுக்கு ஒரு பங்கு.

காடும் பாம்பும்

சென்னை இராஜதானியின் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம், காடுகளைச் சர்க்காரின் காப்புக்காடுகளாக்கியது. உரிமையுடையோர் குறித்த தவணைக்குள் மனுச் செய்துகொள்க என்று விளம்பரமும் செய்யப்பட்டது. எழுத்தறியாக் குடிகள் விளம்பரத்தை எங்ஙனம் படிப்பர்? இவ்வாறு நேர்ந்த அநீதியை ஒருவாறு நீக்கும் பொருட்டே 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தோன்றியது. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்னரே காட்டில் நிலம் கொண்டிருந்த பழங்குடியினர்க்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமையும், தேன், கிழங்கு முதலிய சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் அதனால் உண்டாயின.

ஆயின் காட்டை இழந்து ஏரிக்கரையிலே குடியேறிய சமவெளி இருளர்க்கு இச்சட்டத்தால் விளையும் பயன் சிறிது. அவர் நிற்கும் நிலம் காடன்று, புறம்போக்கு. ஏரிகளைக் காக்க 2007-இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டமோ, நீர்நிலைப் புறம்போக்கில் இருப்போரை ஆக்கிரமிப்பாளர் என்றே கொள்ளும். ஏரி காக்கப்படல் வேண்டும் என்பதைச் சிட்லபாக்கத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும், வேறிடத்தில் மனைப்பட்டா தராது குடிசையை மட்டும் அகற்றுதல் நியாயமாகாது என்பதும் சிந்திக்கத்தக்கது.

பாம்பின் கதையும் அத்தகையதே. ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்து இருளர் பலர் பிழைத்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன்பின் வந்த தடைகளும் அத்தொழிலை அடைத்தன. வன உரிமைச் சட்டமும் வேட்டையை விலக்கியே வைத்துள்ளது. இந்நிலையில், ரோமுலஸ் விட்டேக்கர் என்பாரின் துணையுடன், 1978-ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. வனத்துறையின் அனுமதி பெற்று நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கனையும் பிடித்து, வடநெம்மேலியில் மண்பானைகளில் வைத்துக் காத்து, நஞ்சு எடுத்தபின் மீண்டும் வெளியே விட்டுவிடுவர். அந்நஞ்சே பாம்புக்கடி மருந்திற்கு மூலப்பொருள். இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தொழிலைத் தடுத்த சட்டத்தினுள்ளேயே உயிர்காக்கும் மருந்தின் பொருட்டு ஒரு வழியும் இருந்தது. அவ்வழியை அறிந்து சொல்வாரும், அதிற் செல்லும் திறமையுடையாரும் ஒன்றுகூடினமையால் சங்கம் நிலைத்தது.

உழைப்பும் கடனும்

நிலமில்லாதவன் கடனுக்கு எளிதில் இரையாகின்றான். செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் பெற்று, அது தீருமளவும் குடும்பத்துடன் அடைபட்டுக் கிடந்து, பின்னர் அதிகாரிகளால் மீட்கப்பட்டோருள் இருளர் பலர். அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கின்றது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ அத்தகைய கடனே இல்லையென்று ஆக்கிவிட்டது. அதனை வசூலிக்க எந்த நீதிமன்றத்திலும் வழக்கிடல் இயலாது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குதலும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. பழங்குடியினரைக் கொத்தடிமையாக்குதலும், அவர் நிலத்தைப் பறித்தலும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தனிக் குற்றங்களாம். கடமையை வேண்டுமென்றே கைவிடும் அரசு ஊழியரும் அச்சட்டப்படி தண்டனைக்குரியர்.

சான்றிதழ் என்னும் வாயில்

நிற்க, இத்துணைச் சட்டங்களிருந்தும் குறை யாது? ஒதுக்கீடாயினும், கல்வி உதவித்தொகையாயினும், வன்கொடுமை வழக்காயினும், "இவர் பழங்குடியினர்" என்று காட்டும் சாதிச் சான்றிதழ் ஒன்றை முதற்கண் வேண்டி நிற்கின்றது. ஏனையோர்க்குத் தாசில்தார் அதனை வழங்க, தமிழ்நாட்டில் பழங்குடியினர்க்கு 1989 முதல் வருவாய்க் கோட்டாட்சியரே வழங்கல் வேண்டும் என்பது விதி. பழங்குடியல்லாதார் பொய்ச்சான்று பெற்று இடங்களைக் கவர்ந்தமையின், 1994-ஆம் ஆண்டு மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடும் விசாரணைமுறையை வகுத்தது. அம்முறை கள்வரைத் தடுக்க எழுந்ததே. எனினும், தந்தைக்குச் சான்றில்லை, பாட்டனுக்குப் பள்ளிப் பதிவில்லை, நிலைத்த முகவரியுமில்லை என்னும் உண்மைக் குடியினனையும் அது வாயிலிலே நிறுத்தக் கூடியது. குலவழக்கங்களை வினவி அறியும் சோதனை ஒன்றனையே முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது என்று 2023-இல் அந்நீதிமன்றமே தெளிவுபடுத்தியமை ஆறுதல் தருவதாகும். பத்தாம் வகுப்புத் தேறிய இருளச் சிறுவன் ஒருவனுக்கு அச்சான்று ஓராண்டு தாழ்ப்பின், அவன் செங்கற்சூளைக்குத் திரும்ப அவ்வோராண்டே போதும்.

உலக நோக்கு

இத்துன்பம் நம் நாட்டிற்கே உரியதன்று. 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை பூர்வ குடிகளின் உரிமைப் பிரகடனத்தை 144 நாடுகளின் வாக்கால் நிறைவேற்றியது. இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் 1989-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இயற்றிய 169-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. 1957-இல் இயன்ற பழைய உடன்படிக்கையையே ஏற்றுள்ளது.

முடிவுரை

மாணவ அன்பர்களே! இருளர்க்குப் புதிய சட்டம் இயற்றல் நம்மால் ஆகாது. இருக்கும் சட்டம் அவர் குடிசை வரை சென்று சேர உதவுதல் நம்மால் ஆகும். மனு எழுதுதல், குழந்தையின் பிறப்பைப் பதிவுசெய்வித்தல், பள்ளிச் சேர்க்கையின்போதே குலப்பெயரைச் சரியாகப் பதிவு செய்வித்தல், கோட்டாட்சியர் அலுவலகத்திற்கு உடன் செல்லுதல் ஆகியவற்றிற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டப்படி, வருமானம் எத்துணையாயினும், பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. இதனை அறிந்த இருளர் எத்துணைபேர்? அறியாதவர்க்கு அறிவித்தல் கற்றவர் கடன். விடுமுறை நாட்களிலே இரண்டொருவரேனும் இப்பணியிற் புகுவராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் கைகூடிற்றென்று கொள்ளலாம்.