24 பிட் பெருமையும் ‘சுட்ட மெட்டு’ வழக்கும்

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதிச் சந்தை கூடும் நாள்களில் இசைத்தட்டுக் கடைகளைச் சுற்றி இரண்டு வாக்குவாதங்கள் ஓயாமல் நடக்கும். ஒன்று, எந்தப் பதிப்பு ‘கிளியர்’ என்பது. மற்றது, எந்தப் பாட்டு எங்கிருந்து ‘சுட்டது’ என்பது. இரண்டிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆதாரம்தான் கொஞ்சம் இளைத்துப்போய்க் கிடக்கிறது.

நம்பிக்கை: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் இருந்தால் சீடியைவிட நன்றாகக் கேட்கும்.

சீடியின் கணக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஏறக்குறைய 22,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை அது பிடித்துவிடும். நல்ல இளங்காதுக்கே எல்லை 20,000தான். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். இந்த விஷயத்தில் அதிகம் வாதாடும் அண்ணன்மார்கள் பலருக்கு 15,000க்கு மேல் எதுவும் எட்டாது என்பதை மரியாதையோடு சொல்லிவைக்கிறேன். 16 பிட் தரும் ஒலி வீச்சு சுமார் 96 டெசிபல். ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரத்து அடுக்குமாடி வீட்டில் அதில் பாதியைப் பயன்படுத்தினாலே பெரிது. 24 பிட்டின் உண்மையான பயன் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான். பதியும்போதும் கலக்கும்போதும் பொறியாளருக்குக் கை வீச இடம் தருகிறது.

2007இல் அமெரிக்காவின் ஒலிப்பொறியியல் கழக இதழில் ஒரு சோதனை வெளிவந்தது. உயர்தரத் தட்டின் ஒலியை நேரடியாக ஒரு முறையும், சீடி தரத்துக்கு இறக்கி ஒரு முறையும் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276. பூவா தலையா போட்டாலும் அதுதான் வரும். 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைச் சேர்த்து அலசினார். சராசரி 52.3 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கூடுதல். ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொட்டிக் கருவி வாங்க அது காரணமாகாது.

பிறகு ஏன் ரீமாஸ்டர் பதிப்பு கேட்டவுடன் பளிச்சென்று இருக்கிறது? பெரும்பாலும் அது சத்தமாக இருப்பதால். இரண்டு பதிப்புகளில் ஒன்று ஒரு டெசிபல் உயர்ந்திருந்தாலே காது அதைத் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் சத்தத்தை ஏற்ற, உச்சங்களை நசுக்க வேண்டும். தவில் அடியும் வயலின் முணுமுணுப்பும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ தொகுப்பு இப்படித்தான் மாட்டிக்கொண்டது: அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற விளையாட்டில் நசுங்காமல் வந்திருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். ஒப்பிட வேண்டுமானால் முதலில் இரண்டின் சத்தத்தையும் சமன் செய்யுங்கள். எது ஓடுகிறது என்று தெரியாதபடி வேறொருவர் மாற்றிப் போடட்டும். நண்பர்கள் பலர் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

யூடியூபில் ‘24 பிட் ரீமாஸ்டர்’ என்று தலைப்பிட்டு ஏற்றப்படும் பழைய பாடல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏற்றியவர் என்ன கொடுத்தாலும், யூடியூப் அதைச் சுருக்கித்தான் உங்கள் கைப்பேசிக்கு அனுப்புகிறது.

நம்பிக்கை: டிஜிட்டல் கலந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்; இசைத்தட்டுதான் சுத்தம்.

மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகளை, மூல நாடாவிலிருந்து நேரே வெட்டியவை என்று நம்பி உலகமே கொண்டாடியது. அவற்றில் பலவற்றுக்கு 2011 முதலே இடையில் டிஜிட்டல் நகல் எடுக்கப்பட்டு வந்தது 2022இல் வெளிப்பட்டது. சந்தேகத்தைக் கிளப்பியது எவருடைய காதும் அல்ல. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 40,000 பிரதிகள் வரும் என்ற அறிவிப்புதான். அத்தனை பிரதிக்கு மூல நாடாவை எத்தனை முறை ஓட்டுவார்கள் என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு உறைத்தது. பத்தாண்டுகளாக அந்தத் தட்டுகளின் ‘அனலாக் இனிமை’யை வருணித்தவர்கள் இன்றும் வருணித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் பாடல்களுக்கு வருவோம். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பெயர் வாங்கியவை 1978இல் வந்த ‘ப்ரியா’வின் பாடல்கள். அதற்கு முந்தையவை பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று ஒரே தடத்தில் பதிந்தவை. அவற்றைப் பிரித்து இடம், வலம் என்று பரப்பிக் கேட்டால் அது ரீமாஸ்டர் அல்ல, இன்று கணினி செய்யும் புது வேலை. நன்றாகவும் இருக்கலாம், எம்.எஸ்.வி. கேட்ட ஒலி மட்டும் அது இல்லை.

நம்பிக்கை: ஒரே ராகம், ஒரே சாயல் என்றால் திருட்டுதான்.

மோகனத்தின் ஐந்து சுரங்கள் யாருடைய சொத்தும் இல்லை. சீனர்களின் மல்லிகைப் பூப் பாட்டு அந்த ஐந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. 1926இல் மேடையேறிய ‘துராண்டோ’ ஆப்பெராவில் புச்சினி அதை எடுத்துக்கொண்டார். 2023இல் எட் ஷீரன் மீதான வழக்கில் நியூயார்க் ஜூரிகள் அவர் திருடவில்லை என்றுதான் முடிவு செய்தார்கள். அங்கே சண்டை நான்கு கார்டுகளின் (சுரக் கூட்டுகளின்) வரிசையைப் பற்றியது.

நம் வீட்டிலேயே உதாரணம் உண்டு. உலகப் போட்டி வைத்தும், பெஞ்சமின் பிரிட்டன் போன்றவர்களைக் கேட்டும் மனத்துக்குப் பிடிக்காமல், 1957இல் பேராக் மாநில கீதத்தின் மெட்டையே நம் தேசிய கீதமான ‘நெகாராகூ’வுக்கு எடுத்தார்கள். ‘தெராங் புலான்’ என்று ஊரெல்லாம் பாடிய மெட்டும் அதுவே. யாரும் ஒளிக்கவில்லை.

ஆறு வினாடி, எட்டு பார் வரை எடுத்தால் குற்றமில்லை என்பதும் வெறும் டீக்கடைச் சட்டம். மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டத்திலும் இந்தியாவின் 1957 சட்டத்திலும் அப்படியொரு அளவுகோல் கிடையாது.

‘பொன்னியின் செல்வன் 2’இன் ‘வீரா ராஜ வீரா’ வழக்கைப் படித்தால் விஷயம் இன்னும் விளங்கும். இளைய டாகர் சகோதரர்களின் ‘சிவ ஸ்துதி’யோடு அது ஒத்திருக்கிறது என்று 2025 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டு, 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. ஒத்திருக்கிறதா என்ற கேள்விக்கே அவர்கள் போகவில்லை. சகோதரர்கள் அதைப் பாடினார்கள் என்பது, அவர்களே அதை இயற்றினார்கள் என்பதற்குச் சான்றாகுமா என்றுதான் பார்த்தார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு பாடலையும் அடுத்தடுத்து ஒட்டி அனுப்புகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

நம்பிக்கை: இளையராஜா வழக்குப் போட்டால் யாரோ மெட்டைத் திருடிவிட்டார்கள்.

மலேசிய நிறுவனமான அகி மியூசிக்கோடு அவருக்கு நடந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. அங்கே எவர் மெட்டும் திருடு போகவில்லை. பாடல்களை விற்கும் உரிமை யாருக்கு என்பதே கேள்வி. இயற்றியவரின் உரிமை ஒன்று, பதிவு செய்தவரின் உரிமை இன்னொன்று.

அந்த உரிமையின் ஆயுளும் நாட்டுக்கு நாடு மாறும். இயற்றியவர் இறந்து 50 ஆண்டு வரை மலேசியாவில். 60 ஆண்டு வரை இந்தியாவில். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். சிவனின் கீர்த்தனைகள் 2024 தொடங்கியதிலிருந்து பெட்டாலிங் ஜெயாவில் எவரும் பாடிப் பதிந்து விற்கலாம். மயிலாப்பூரில் அதற்கு 2033 முடியும் வரை அனுமதி கேட்க வேண்டும். வேறொருவர் பாடிப் பதிந்த தட்டை நகலெடுத்து விற்பது மட்டும் தனிக் கணக்கு.