சர்க்கரையும் ஈஸ்டும் மீன்தொட்டிச் செடியும்

மீன்தொட்டியில் ஆசையாகச் செடி நடுகிறோம். வெளிச்சம் இருந்தும் சில செடிகள் வளராமல் பழுத்துப் போகின்றன. 'தண்ணி சரியில்ல' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பல சமயம் குறை கரியமில வாயுவில் இருக்கிறது. காற்றுபடத் திறந்திருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட அது கரைந்திருக்காது. செடி செழிக்க 20 முதல் 30 மில்லிகிராம் வரை வைப்பது வழக்கம். இதற்கென்று சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் கடையில் உண்டு. அந்த விலை நமக்குக் கட்டாது. ஆனால் ஈஸ்ட் இருக்கிறதே!

தத்துவம்

ஈஸ்ட் ஓர் உயிர். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. கணக்குப்படி 342 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் 176 கிராம் வாயு. அப்படியானால் 200 கிராமுக்குச் சுமார் 100 கிராம், அதாவது 50 லிட்டருக்கு மேல்! ஆல்கஹால் கூடக்கூட ஈஸ்ட் சோர்ந்துவிடும் என்பதால் முழுவதும் கிடைக்காது.

செய்முறை

1. 2 லிட்டர் பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 200 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் பேக்கரி ஈஸ்ட் போட்டுக் கலக்கவும். மேலே நுரைக்கு இடம் வேண்டும்.
2. மூடியில் துளையிட்டு டியூபைச் செருகி எம்-சீல் வைத்து அடைக்கவும்.
3. டியூபை, பாதி தண்ணீர் உள்ள சின்ன பாட்டில் வழியாகத் தொட்டிக்குக் கொண்டுபோகவும். நுரை அங்கேயே தங்கிவிடும்.
4. தொட்டிக்குள் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதனடியில் குமிழியை விடவும். மெதுவாகக் கரையும்.

எங்கள் மலையில் நடந்தது

விடுதியில் சில மணி நேரத்தில் குமிழி வந்தது. டிசம்பர் விடுமுறையில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலை வீட்டில் அதையே வைத்தேன். ஒரு ராத்திரி முழுக்க ஒன்றுமில்லை. அம்மா சொன்னார்: "பனிக்கு மாவே பொங்க மாட்டேங்குது, இது மட்டும் பொங்குமாடா?"

அதுதான் விடை! ஈஸ்ட் 30 டிகிரி சுமாரில் சுறுசுறுப்பாக வேலை செய்யும், குளிரில் தூங்கிவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சாக்கைச் சுற்றினேன். மதியத்துக்குள் குமிழி ஓடியது.

சாயங்காலம் அப்பா மோந்து பார்த்தார். "படிக்க அனுப்புனா சாராயமா ஊறப் போடற?" எங்கள் வீட்டில் முதலில் படிக்கப் போனவன் நான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை இறுத்து, அதில் டியூபை விட்டேன். பால் போல வெளுத்தது. பள்ளிக்கூடத்தில் படித்த சோதனைதான். பார்த்துக்கொண்டே இருந்தவர், "சரி, மீனுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார்.

"ஆகாதுப்பா" என்றேன். அன்றிரவு டியூபைத் தொட்டியிலிருந்து எடுக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் இரண்டு கப்பி மீன்கள் செத்து மிதந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருட்டில் செடி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதில்லை, அதுவும் வெளியேதான் விடுகிறது என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

கவனிக்க

* இரவில் டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடவும். வழியை அடைக்கவே கூடாது, பாட்டில் வெடிக்கும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம்.
* பாட்டில் தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லையேல் தண்ணீர் திரும்பி வரும்.
* மீன் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே நிறுத்திப் பாதித் தண்ணீரை மாற்றவும்.

விடுதியில் செய்பவர்கள் வார்டனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசனை அப்படி!